பால் கால்வின்

பால் வின்சென்ட் கால்வின் (ஜூன் 29, 1895 – நவம்பர் 5, 1959) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தொழிலதிபர் ஆவார். இவர் தன் தம்பி ஜோசப் கால்வினுடன் இணைந்து 1928-இல் சிக்காகோவில் தொடங்கிய கால்வின் உற்பத்தி நிறுவனமே பின்னாளில் மோட்டோரோலா எனப் பெயர் மாறியது. மகிழுந்து வானொலியை எல்லோரும் வாங்கக்கூடிய பொருளாக்கியவர்களுள் இவர் முதன்மையானவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் பயன்படுத்திய கையடக்க வானொலிக் கருவி இவரது நிறுவனத்தில் உருவானதாகும்.

கால்வின் பொறியியலாளர் அல்லர். பல்கலைக்கழகப் படிப்பையும் முடிக்கவில்லை. இவரது தொழில் வாழ்க்கை முழுவதும் ஒரே சிக்கலைச் சுற்றியே அமைந்தது: வானொலிக்குத் தேவையான மின்சாரத்தை எங்கிருந்து, எப்படிப் பெறுவது? மின்கலங்களைச் செய்வது, வீட்டு வானொலியிலிருந்து மின்கலத்தை நீக்குவது, மகிழுந்தின் மின்கலத்தில் வானொலியை இயக்குவது, படைவீரரின் கையில் மின்கலத்தோடு வானொலியைக் கொடுப்பது என நான்கு கட்டங்களாக இவரது பணியைப் பிரித்துப் பார்க்கலாம்.

இளமைக்காலம்

கால்வின் இலினொய் மாநிலத்தில் உள்ள ஹார்வர்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். இது இதே பெயர் கொண்ட பல்கலைக்கழகத்துடன் தொடர்பில்லாத ஊர். சிக்காகோவிலிருந்து வடமேற்கே செல்லும் தொடர்வண்டிகள் இவ்வூரில் நின்று சென்றன. நிலையத்தில் நிற்கும் வண்டிகளின் பயணிகளுக்குச் சோளப்பொரி விற்பது ஊர்ச் சிறுவர்களின் வழக்கம். கால்வினும் பதின்ம வயதின் தொடக்கத்திலேயே இவ்வணிகத்தில் ஈடுபட்டார்.

பள்ளிப் படிப்பை முடித்தபின் இலினொய் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஈராண்டுகளுக்குப் பின் படிப்பைக் கைவிட்டார். முதலாம் உலகப் போரின்போது படையில் சேர்ந்து பிரான்சில் பீரங்கிப் படைப்பிரிவில் அதிகாரியாகப் பணியாற்றினார். போரிலிருந்து திரும்பியபின் சிக்காகோவில் சேமிப்பு மின்கலங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1920-இல் லிலியன் கினனைத் திருமணம் செய்துகொண்டார்.

முதல் இரண்டு தோல்விகள்

1921-இல் கால்வின் தன் ஊர் நண்பரான எட்வர்ட் ஸ்டூவர்ட்டுடன் இணைந்து விஸ்கொன்சின் மாநிலத்தின் மார்ஷ்ஃபீல்டு நகரில் மின்கலத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். மகன் ராபர்ட் 1922-இல் அந்நகரிலேயே பிறந்தார். தொழிற்சாலை ஈராண்டுகள் மட்டுமே நடந்தது. போருக்குப் பிந்தைய பொருளாதார மந்தமும் அந்நகரம் பெரிய சந்தைகளிலிருந்து விலகியிருந்ததும் நிறுவனத்தை நலிவுறச் செய்தன. வரி நிலுவையின் காரணமாக 1923-இல் அரசு அதிகாரிகள் தொழிற்சாலையை மூடினர். உணவுக்குச் சென்று திரும்பிய கால்வின் பூட்டிய கதவைக் கண்டார் என்றும், உள்ளே இருந்த தன் மேலங்கியைக்கூட எடுக்க இயலவில்லை என்றும் கூறப்படுகிறது.

குடும்பத்துடன் சிக்காகோ திரும்பிய கால்வின், இனிப்புப் பண்டத் தொழிலதிபரான எமில் பிராக்கிடம் செயலாளராகப் பணியாற்றினார். 1926-இல் ஸ்டூவர்ட் மீண்டும் அழைத்தபோது அவரது புதிய மின்கல நிறுவனத்தில் இணைந்தார். இந்நிறுவனமும் நீடிக்கவில்லை. ஆனால் அதன் வீழ்ச்சிக்குமுன் அங்கு உருவான ஒரு கருவி கால்வினின் எதிர்காலத்தைத் தீர்மானித்தது.

1920களின் வீட்டு வானொலியும் மின்கலங்களும்

அக்கருவியின் தேவையை உணர, அக்கால வானொலிகள் இயங்கிய முறையை அறிதல் வேண்டும். 1920களின் தொடக்கத்தில் வீடுகளில் இருந்த வானொலிகள் வெற்றிடக் குழல்களைக் கொண்டவை. இக்குழல்களுக்கு மூன்று வகையான மின்னழுத்தம் தேவைப்பட்டது. எனவே ஒரு வானொலிக்கு மூன்று தொகுதி மின்கலங்கள் இருந்தன.

ஏ மின்கலம்: குழலின் இழையைச் சூடாக்குவதற்கானது. பெரும்பாலும் மகிழுந்தில் உள்ளதைப் போன்ற 6 வோல்ட் ஈய-அமில மின்கலம். மிகுந்த மின்னோட்டத்தை இழுத்ததால் இதை அடிக்கடி மின்னேற்றம் செய்ய வேண்டியிருந்தது.
பி மின்கலம்: குழலின் தகட்டிற்கு உயர் மின்னழுத்தம் தருவது. 22½ அல்லது 45 வோல்ட் கொண்ட உலர் மின்கலக் கட்டிகளைத் தொடராக இணைத்து 90 வோல்ட் அல்லது அதற்கு மேலும் பெற்றனர். தீர்ந்தபின் இவற்றை எறிந்துவிட்டுப் புதியன வாங்க வேண்டும்.
சி மின்கலம்: குழலின் கட்டுப்பாட்டுக் கம்பிவலைக்குச் சிறிய எதிர் மின்னழுத்தம் தருவது. மின்னோட்டம் ஏறத்தாழ இல்லாததால் நெடுநாள் உழைத்தது.

இம்முறையில் குறைகள் பல இருந்தன. எடை மிகுந்த ஈய-அமில மின்கலத்தை மின்னேற்றம் செய்யும் கடைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். அதுவரை வானொலி பேசாது. வரவேற்பறையில் வைத்த மின்கலத்திலிருந்து அமிலம் சிந்தினால் தரைவிரிப்பும் மரச்சாமான்களும் பாழாகும். நிகழ்ச்சியின் நடுவே மின்கலம் தளர்ந்து ஒலி மங்குவதும் வழக்கமே. மறுபுறம், மின்கலம் தந்த மின்சாரம் மிகத் தூய்மையானது. நேர்த்திசை மின்னோட்டம் என்பதால் ஒலிபெருக்கியில் இரைச்சல் சேராது. இந்த ஒரு நற்பண்பை இழக்காமல் மின்கலத்தை நீக்குவதே அக்காலப் பொறியியலாளர்களின் முன் இருந்த சவாலாகும்.

மின்கல விலக்கி

அமெரிக்க நகர வீடுகளில் மின்சார இணைப்பு விரைவாகப் பரவியபோது, சுவரில் உள்ள மின்செருகியிலிருந்தே வானொலியை இயக்கும் எண்ணம் எழுந்தது. வீட்டிற்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். வானொலிக்கு வேண்டியதோ நேர்த்திசை மின்னோட்டம். இவ்விடைவெளியை நிரப்பிய கருவி மின்கல விலக்கி எனப்பட்டது. தமிழ்நாட்டுப் பள்ளி, கல்லூரி இயற்பியல் ஆய்வகங்களில் பேட்டரி எலிமினேட்டர் என்று அறியப்படும் கருவியின் முன்னோடி இதுவே.

இக்கருவியில் மூன்று பகுதிகள் உண்டு. மின்மாற்றி தேவையான அளவிற்கு மின்னழுத்தத்தை மாற்றும். அலைதிருத்தி மின்னோட்டத்தை ஒரே திசையில் செல்லவிடும. தூண்டிச் சுருள்களும் மின்தேக்கிகளும் கொண்ட வடிப்பி, எஞ்சிய ஏற்ற இறக்கங்களைச் சமன் செய்யும். வடிப்பி நன்கு அமையாவிட்டால் ஒலிபெருக்கியில் இடைவிடாத ரீங்காரம் கேட்கும்.

ஸ்டூவர்ட்டின் நிறுவனம் 1920களின் நடுப்பகுதியில் மின்கல விலக்கிகளைச் செய்து விற்றது. தொடக்கத்தில் செய்தவற்றில் குறைபாடுகள் இருந்தன; பல கருவிகள் திருப்பி அனுப்பப்பட்டன. நிறுவனம் கடனில் மூழ்கி 1928-இல் மூடப்பட்டது. அதன் மின்கல விலக்கிப் பிரிவு ஏலத்திற்கு வந்தது. இரு முறை மின்கலத் தொழிலில் வீழ்ந்திருந்த கால்வின், அப்பிரிவின் வடிவமைப்பையும் கருவிகளையும் 750 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். அஞ்சல்வழி விற்பனையில் புகழ்பெற்ற சியர்ஸ் ரோபக் நிறுவனம் இக்கருவியில் ஆர்வம் காட்டியது அவருக்கு நம்பிக்கை அளித்தது.

கால்வின் உற்பத்தி நிறுவனம்

செப்டம்பர் 25, 1928 அன்று பால், ஜோசப் ஆகிய இருவரும் கால்வின் உற்பத்தி நிறுவனத்தைப் பதிவு செய்தனர். சிக்காகோவின் ஹாரிசன் தெருவில் வாடகைக்கு எடுத்த கட்டடத்தின் ஒரு பகுதியில் தொழில் தொடங்கியது. கையிருப்பு 565 டாலர், பணியாளர்கள் ஐவர். முதல் வாரச் சம்பளத்தின் மொத்தத் தொகை 63 டாலர்.

மின்கல விலக்கியால் நிறுவனம் நிலைபெற்றாலும், அதற்கு எதிர்காலம் இல்லை என்பது விரைவில் தெளிவாயிற்று. மாறுதிசை மின்னோட்டத்தில் நேரடியாக இயங்கும் வெற்றிடக் குழல்கள் 1927-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்திருந்தன. மின்வழங்கியைத் தன்னுள்ளேயே கொண்ட வானொலிகள் பெருகின. விலக்கி என்பது பழைய வானொலி வைத்திருப்போருக்கான இடைக்காலத் தீர்வாக மட்டுமே எஞ்சியது. எனவே கால்வின் பிற நிறுவனங்களின் பெயரில் விற்கப்படும் வீட்டு வானொலிகளைச் செய்யத் தொடங்கினார். 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. வானொலி விலைகள் வீழ்ந்தன. பெரிய நிறுவனங்கள் தேங்கிய சரக்கை அடிமாட்டு விலைக்குத் தள்ளின. சிறு நிறுவனமான கால்வினால் அவ்விலைக்கு ஈடுகொடுக்க இயலவில்லை.

மகிழுந்து வானொலி

இந்நிலையில், சிலர் வீட்டு வானொலிகளை மாற்றியமைத்து மகிழுந்துகளில் பொருத்தி வருவதைக் கால்வின் அறிந்தார். அவ்வாறு பொருத்துவதற்குச் செலவு மிகுதி. தொழிற்சாலையில் செய்து குறைந்த விலையில் தந்தால் புதிய சந்தை ஒன்று கிடைக்கும் என அவர் கணித்தார். வில்லியம் லியர், எல்மர் வேவரிங் முதலியோர் இம்முயற்சியில் பங்கேற்றனர். லியர் பின்னாளில் லியர் ஜெட் வானூர்திகளால் புகழ்பெற்றார். வேவரிங் பின்னாளில் மோட்டோரோலாவின் தலைவரானார்.

வீட்டில் இல்லாத பல இடர்கள் மகிழுந்தில் இருந்தன:

இயந்திரத்தின் தீப்பொறிச் செருகிகளும் மின்னாக்கியும் உண்டாக்கும் மின்னிரைச்சல் நிகழ்ச்சியை மூழ்கடித்தது. இதற்கு ஒடுக்கிகளையும் மின்தேக்கிகளையும் ஆங்காங்கே பொருத்த வேண்டியிருந்தது.
சாலை அதிர்வினால் குழல்களும் இணைப்புகளும் தளர்ந்தன.
மகிழுந்தின் 6 வோல்ட் மின்கலம் குழல்களின் இழைகளை மட்டுமே சூடாக்க வல்லது. தகட்டுக்கான உயர் மின்னழுத்தத்திற்குத் தனியே பி மின்கலங்களைத் தரைப்பலகையின் கீழ் ஒரு பெட்டியில் வைக்க வேண்டியிருந்தது. வரவேற்பறையிலிருந்து நீக்கிய மின்கலங்கள் மகிழுந்தின் அடியில் மீண்டும் இடம்பிடித்தன.

1930 ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டி நகரில் வானொலி உற்பத்தியாளர்களின் மாநாடு நடைபெறவிருந்தது. தன் ஸ்டூடிபேக்கர் மகிழுந்தில் வானொலியைப் பொருத்தி, மனைவியுடன் சிக்காகோவிலிருந்து அந்நகருக்குக் கால்வின் ஓட்டிச் சென்றார். கண்காட்சியில் அவருக்கு அரங்கு இல்லை. எனவே மாநாட்டு இடத்தருகே வண்டியை நிறுத்தி, வானொலியின் ஒலியைக் கூட்டி வைத்து, வருவோரை அழைத்துக் காட்டினார். தொழிலைத் தொடரப் போதுமான கொள்முதல் ஆணைகள் கிடைத்தன.

அதற்கு முன்னதாகக் கடன் பெறும் நோக்கில் ஒரு வங்கியாளரின் மகிழுந்தில் வானொலி பொருத்தப்பட்டதாகவும், சற்று நேரத்தில் அவ்வண்டி தீப்பற்றியதாகவும், கடன் கிடைக்கவில்லை என்றும் ஒரு நிகழ்வு பரவலாகக் கூறப்படுகிறது.

இவ்வானொலிக்குக் கால்வின் சூட்டிய பெயரே மோட்டோரோலா. மோட்டார் என்ற சொல்லுடன், விக்டரோலா போன்ற அக்கால இசைக்கருவிப் பெயர்களின் ஈறாகிய ஓலா சேர்ந்து இப்பெயர் அமைந்தது. 5டி71 என்னும் முதல் வடிவம் ஏறத்தாழ 110 முதல் 130 டாலர் வரை விற்கப்பட்டது. 1930-ஆம் ஆண்டு நிறுவனத்திற்கு நட்டத்திலேயே முடிந்தது. பொருத்தும் பணிக்குப் பயிற்சி பெற்றோர் இல்லாதது பெருங்குறையாக இருந்ததால், கால்வினும் வேவரிங்கும் ஊர் ஊராகச் சென்று விற்பனையாளர்களுக்குப் பயிற்சி அளித்தனர்.

1930களின் தொடக்கத்தில் அதிர்வி என்னும் கருவி பயன்பாட்டிற்கு வந்தது. மின்மாற்றி நேர்த்திசை மின்னோட்டத்தில் இயங்காது. அதிர்வியின் உலோக நாக்கு நொடிக்கு நூறு முறைக்கு மேல் தொடர்பை வெட்டி இணைத்து, 6 வோல்ட் மின்னோட்டத்தைத் துடிப்புகளாக மாற்றும். அத்துடிப்புகளை மின்மாற்றி உயர் மின்னழுத்தமாக்கும். அலைதிருத்தி மீண்டும் நேர்த்திசையாக்கும். இதனால் பி மின்கலங்கள் தேவையற்றுப் போயின. வீட்டு மின்கல விலக்கியின் கோட்பாடே இங்கு மகிழுந்தின் மின்கலத்தைக் கொண்டு செயற்படுத்தப்பட்டது. 1933 முதல் ஃபோர்டு நிறுவனம் மோட்டோரோலா வானொலிகளை மகிழுந்துகளுடன் வழங்கத் தொடங்கியது. 1934-இல் குட்ரிச் சக்கரக் கடைகளின் வழியாகவும் அவை விற்கப்பட்டன.

அதே காலத்தில் அமெரிக்க ஊர்ப்புறங்களின் நிலை வேறாக இருந்தது. 1930களின் நடுப்பகுதியில் பத்தில் ஒரு பண்ணை வீட்டிற்கே மின்சாரம் இருந்தது. ஏனையோர் மின்கல வானொலிகளையே நம்பியிருந்தனர். மகிழுந்தின் மின்கலத்தைக் கழற்றி வானொலியுடன் இணைத்தோரும், சிறு காற்றாலையால் மின்னேற்றம் செய்தோரும் இருந்தனர். ஊரக மின்மயமாக்கல் திட்டம் 1935-இல் தொடங்கியபின் இந்நிலை படிப்படியாக மாறியது. கால்வினின் நிறுவனம் 1937-இல் தன் பெயரிலேயே வீட்டு வானொலிகளையும் இசைத்தட்டுக் கருவிகளையும் விற்கத் தொடங்கியது.

காவல்துறை வானொலியும் போர்க்காலமும்

1936-இல் காவல்துறை ஊர்திகளுக்கான வானொலி ஏற்பியை நிறுவனம் வெளியிட்டது. அதே ஆண்டு குடும்பத்துடன் ஐரோப்பாவில் பயணம் செய்த கால்வின், போர் நெருங்குகிறது என்ற எண்ணத்துடன் திரும்பினார்.

1940-இல் விஸ்கொன்சினில் நடந்த படைப்பயிற்சி ஒன்றில், எடை மிகுந்த வானொலிகளுடன் வீரர்கள் இடர்ப்படுவதை நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளர் டொனால்டு மிட்செல் கண்டார். அதன் விளைவாக எஸ்சிஆர்-536 என்னும் கையடக்க வானொலி உருவானது. இது ஹேண்டி-டாக்கி என அழைக்கப்பட்டது. ஏறத்தாழ 2.3 கிலோகிராம் எடை கொண்ட இக்கருவி நிலத்தில் சுமார் 1.6 கிலோமீட்டர் தொலைவு வரை பேச உதவியது. இதற்குத் தனியான இயக்கு பொத்தான் இல்லை. அலைவாங்கியை இழுத்து நீட்டினால் இயங்கும், உள்ளே தள்ளினால் நிற்கும். இழைகளுக்கு 1.5 வோல்ட், தகடுகளுக்கு 103.5 வோல்ட் என இரண்டு உலர் மின்கலங்கள் இதில் இருந்தன. பழைய வீட்டு வானொலியின் ஏ, பி மின்கலங்களே சுருங்கி ஒரு கைப்பிடிக்குள் அடங்கியிருந்தன எனலாம்.

கனெக்டிகட் மாநிலக் காவல்துறைக்குப் பண்பலை வானொலி அமைத்த பேராசிரியர் டேனியல் நோபிளைக் கால்வின் 1940-இல் தன் நிறுவனத்திற்கு அழைத்து வந்தார். நோபிளின் தலைமையில், போலந்து நாட்டவரான ஹென்றிக் மாக்னுஸ்கி உள்ளிட்டோர் எஸ்சிஆர்-300 என்னும் முதுகில் சுமக்கும் பண்பலை வானொலியை 1943-இல் உருவாக்கினர். வாக்கி-டாக்கி என்ற பெயர் இதன் மூலம் பரவலாயிற்று.

தனிவாழ்வு

நிறுவனம் உயர்ந்துகொண்டிருந்த இதே காலத்தில் கால்வினின் தனிவாழ்வு சிதைந்தது. 1942 அக்டோபரில் எவன்ஸ்டன் நகரில் உள்ள அவரது இல்லத்தில் மனைவி லிலியனும் பணிப்பெண்ணும் கொலை செய்யப்பட்டனர். 1944-இல் உடன்நிறுவனரான தம்பி ஜோசப் காலமானார். பணியாளர் நலனில் கருத்தாயிருந்த ஜோசப்பின் மறைவு நிறுவனத்திற்குப் பெரும் இழப்பாக இருந்தது. கால்வின் 1945-இல் விர்ஜினியா கிரிச்ஃபீல்டை மணந்தார்.

போருக்குப் பின்

1947-இல் நிறுவனத்தின் பெயர் மோட்டோரோலா என மாற்றப்பட்டது. அதே ஆண்டு பணியாளர்களுக்கான இலாபப் பங்கீட்டுத் திட்டமும் தொடங்கியது. வானொலியின் பெயர் நிறுவனத்தைவிடப் புகழ்பெற்றிருந்ததே பெயர் மாற்றத்திற்குக் காரணம். தொலைக்காட்சித் துறையில் நுழைந்தபோது, ஓராண்டில் ஒரு இலட்சம் கருவிகள் விற்க வேண்டும் எனக் கால்வின் இலக்கு வைத்தார். 200 டாலருக்கும் குறைந்த விலையில் வந்த கோல்டன் வியூ தொலைக்காட்சி அவ்விலக்கை எட்டியது.

1949-இல் நோபிளின் தூண்டுதலால் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் ஆய்வுக்கூடம் ஒன்று நிறுவப்பட்டது. அது குறைகடத்தி உற்பத்தியின் மையமாக வளர்ந்தது. 1950களின் நடுவில் இந்நிறுவனம் மகிழுந்து வானொலிக்கான ஆற்றல் திரிதடையங்களை வணிக அளவில் செய்தது. திரிதடையத்திற்குச் சூடான இழை இல்லை. நூறு வோல்ட் தகட்டு மின்னழுத்தமும் தேவையில்லை. மகிழுந்தின் மின்கலம் தரும் மின்னழுத்தமே போதுமானது. ஏ மின்கலம், பி மின்கலம், விலக்கி, அதிர்வி என முப்பது ஆண்டுகளாகக் கால்வின் எதிர்கொண்ட சிக்கலின் அடிப்படையே இதனால் மறைந்தது.

இறப்பு

1956-இல் மகன் ராபர்ட் கால்வின் நிறுவனத்தின் தலைவரானார். பால் கால்வின் ஆட்சிக்குழுத் தலைவராகத் தொடர்ந்தார். இரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட இவர் நவம்பர் 5, 1959 அன்று எவன்ஸ்டனில் தன் 64-ஆம் அகவையில் காலமானார்.

மரபு

கால்வினின் மறைவுக்குப் பின் ராபர்ட்டின் தலைமையில் நிறுவனம் உலகளவில் வளர்ந்தது. 1969-இல் நிலவிலிருந்து பூமிக்கு வந்த அப்பல்லோ 11 விண்கலத்தின் தகவல்தொடர்பில் மோட்டோரோலா கருவி பயன்பட்டது. ஏப்ரல் 3, 1973 அன்று மார்ட்டின் கூப்பர் மோட்டோரோலாவின் கையடக்கச் செல்லிடத் தொலைபேசியிலிருந்து முதல் பொது அழைப்பை மேற்கொண்டார். 2011 ஜனவரியில் நிறுவனம் மோட்டோரோலா மொபிலிட்டி, மோட்டோரோலா சொல்யூஷன்ஸ் என இரண்டாகப் பிரிந்தது. ராபர்ட் கால்வின் அதே ஆண்டு அக்டோபரில் காலமானார்.

சிக்காகோவில் உள்ள இலினொய் தொழில்நுட்பக் கழகத்தின் நூலகத்திற்குப் பால் கால்வினின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. எழுத்தாளர் ஹாரி மார்க் பெட்ராகிஸ் இவரது வாழ்க்கை வரலாற்றை 1965-இல் நூலாக வெளியிட்டார்.

இவற்றையும் பார்க்க

வானொலி
வெற்றிடக் குழல்
ஈய-அமில மின்கலம்
அலைதிருத்தி
திரிதடையம்
மோட்டோரோலா

பகுப்புகள்: 1895 பிறப்புகள் | 1959 இறப்புகள் | அமெரிக்கத் தொழிலதிபர்கள் | வானொலி வரலாறு